பழைய பிக்கப்ல ஃபேன் பெல்ட், புல்லி, பேரிங் நீங்களே மாத்துறது எப்படி – முழுமையான வழிகாட்டி

போன வருஷம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி ஏத்திட்டு செம்பட்டி தாண்டி வத்தலகுண்டு பக்கம் வந்துட்டு இருந்தேன், பானெட்டுக்குள்ள டப்புனு ஒரு சத்தம், உடனே டேஷ்போர்டுல சார்ஜ் லைட் எரிஞ்சுது. சரி பெல்ட் போயிருச்சுன்னு புரிஞ்சுது, ஓரங்கட்டலாம்னு பிரேக்கை மிதிச்சேன், மொத மிதி நல்லா பிடிச்சுது, ரெண்டாவது மிதி கொஞ்சம் இறுகலா இருந்துச்சு, மூணாவது மிதிக்கு பெடல் கல்லு மாதிரி நிக்குது, காலு முழு பலத்தோட மிதிச்சும் லோடு வண்டி நிக்க மாட்டேங்குது. கியரை ஒண்ணொண்ணா இறக்கி ஹேண்ட் பிரேக்கையும் சேத்து இழுத்து ஒரு புளியமரத்தடியில நிறுத்துனேன். எதிர்ல பஸ் எதுவும் வரலை, அதனால இன்னிக்கு உக்காந்து இதை எழுதுறேன்.

ஃபேன் பெல்ட் அறுந்தா பிரேக் எதுக்கு இறுகணும்னு நிறைய டிரைவருங்களுக்கே தெரியல. பெட்ரோல் வண்டில இன்ஜின் காத்து இழுக்குற வழியிலயே வேக்குவம் (உறிஞ்சு விசை) கிடைச்சிரும், அது நம்ம மிதிக்கு பலம் சேக்குற பிரேக் பூஸ்டருக்குப் போகும். டீசல் இன்ஜின்ல அப்படி வேக்குவம் கிடைக்காது, அதுக்குன்னு தனியா ஒரு வேக்குவம் பம்ப் வேணும், நம்ம ஊர்ல ஓடுற பழைய டீசல் பிக்கப் பலதுல அந்த பம்ப் டைனமோவோட முதுகுலயே ஒட்டிட்டு இருக்கும். (ஆல்டர்னேட்டர்னு சொல்லணும், ஆனா எங்க பக்கம் எல்லா பட்டறையிலயும் டைனமோ தான், நானும் அப்படியே எழுதுறேன்.) பெல்ட் போனா டைனமோ சுத்தாது, டைனமோ சுத்தலைன்னா வேக்குவம் வராது, பூஸ்டர்ல மிச்சம் இருக்கிறது ரெண்டு மூணு மிதிக்குத் தான் காணும். கூடவே வாட்டர் பம்பும் ஃபேனும் நின்னுரும், அப்படியே ஓட்டுனா இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போகும். இத்தனையும் ஒரு ரப்பர் பெல்ட்டை நம்பி ஓடிட்டு இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். அது எட்டு மாசத்துல எனக்குப் போன மூணாவது பெல்ட். ஒவ்வொரு தடவையும் பெல்ட்டை மட்டும் மாத்திட்டு கிளம்பிட்டேன். புளியமரத்தடியில தான் மொத தடவையா பெல்ட் இல்லாத புல்லிங்களை (பெல்ட் ஓடுற சக்கரங்களை) ஒவ்வொண்ணா கையால சுத்திப் பாத்தேன், அப்ப தான் காரணம் கிடைச்சுது. பெல்ட் தானா சாகாது, ஏதோ ஒரு புல்லியோ பேரிங்கோ அதைக் கொல்லுது. அதனால இந்த வழிகாட்டில பெல்ட் மாட்டுறதை விட புல்லி பாக்குறது பத்தி தான் அதிகம் இருக்கும்.

என்கிட்ட இருக்கிறது 2523 சிசி டிஐ இன்ஜின் போட்ட பழைய பொலேரோ பிக்கப். டாடா 207 மாதிரி மத்த பழைய டீசல் வண்டிக்கும் முறை இதே தான், போல்ட் எங்க இருக்கு, எத்தனை பெல்ட்ங்கிறது தான் மாறும். பவர் ஸ்டியரிங் இருந்தா அதுக்கு இன்னொரு பெல்ட், ஏசி இருந்தா அதுக்கும் ஒண்ணு.

மொதல்ல சத்தத்தைக் கேளுங்க

காலைல ஸ்டார்ட் பண்ண உடனே 'கீஈஈ'னு நீளமா கத்திட்டு அடங்குனா, இல்ல ஹெட்லைட் போட்டதும் கத்துனா, பெல்ட் வழுக்குது, லூஸா இருக்கும் இல்ல பக்கவாட்டுல தேஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிருக்கும். 'கிச் கிச் கிச்'னு பறவை மாதிரி ஒரே தாளத்துல, இன்ஜின் வேகத்துக்குத் தகுந்த மாதிரி வந்தா புல்லி நேர்கோட்டுல இல்லைன்னு சந்தேகப்படணும். 'உர்ர்ர்'னு மாவு அரைக்கிற மாதிரி வந்தா அது பெல்ட் இல்ல, பேரிங்.

முதல் ரெண்டையும் பிரிச்சுப் பாக்க ரிப் பெல்ட் (உள்பக்கம் நீளவாக்குல வரி வரியா இருக்கிற தட்டை பெல்ட்) வண்டில ஒரு சுலபமான வழி இருக்கு. ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி எடுத்து ஓடுற பெல்ட்டோட உள்பக்கம் கொஞ்சமா, தள்ளி நின்னு அடிங்க. சத்தம் நின்னு போய் கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா புல்லி கோணல். சத்தம் இன்னும் அதிகமானா டென்ஷன் (பெல்ட்டோட இறுக்கம்) பத்தல. தண்ணி அடிக்கும்போது தோள்ல துண்டு, தொங்குற சட்டைக் கை, லுங்கி முனை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க, ஓடுற பெல்ட்டுல துண்டு சிக்குனா கையையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்.

சத்தத்தை நிறுத்தறேன்னு பெல்ட்டுல கிரீஸ், சோப்பு, பவுடர், கடையில விக்கிற ஸ்ப்ரேன்னு எதையும் தடவாதீங்க. ரெண்டு நாள் சத்தம் வராது, உள்ள இருக்கிற நோய் அப்படியே வளரும்.

பெல்ட் நம்பர் படிக்கிறது

கடைக்குப் போய் "பொலேரோ பெல்ட் குடுங்க"ன்னு கேட்டா தப்பான பெல்ட் வர வாய்ப்பு அதிகம், ஏன்னா ஒரே பேர்ல பல இன்ஜின், பல மாடல். பழைய பெல்ட் முதுகுல இருக்கிற நம்பரைப் பாருங்க. ஏவிஎக்ஸ் 13 அப்புறம் 1000ன்னு இருந்தா மேல் அகலம் 13 மில்லி, நீளம் 1000 மில்லி, எக்ஸ்ங்கிறது உள்பக்கம் பல்லு வெட்டுன மாதிரி இருக்கிற பெல்ட். இது வி பெல்ட். ரிப் பெல்ட்டுல 6 பிகே 2080ன்னு இருந்தா ஆறு வரி, 2080 மில்லி நீளம். நம்பர் அழிஞ்சு போச்சுன்னா பழைய பெல்ட்டையே கையில எடுத்துட்டுப் போங்க, ஆனா ஓடி ஓடி பழைய பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும்ங்கிறதை மனசுல வச்சுக்கோங்க, அளந்ததை விட ஒரு சைஸ் கம்மியா தான் ஒரிஜினல் இருக்கும்.

நான் மதுரைக்காரன், கோச்சடைல ஃபென்னர் ஃபேக்டரி பக்கமா எத்தனையோ தடவை போயிருக்கேன், நான் போடுறது அந்த பெல்ட் தான். நீங்க எந்த நல்ல கம்பெனி வேணா போடுங்க, கவர்ல நம்பர் தெளிவா அச்சடிச்சிருக்கணும், பெல்ட்டை வாங்குறப்ப மடக்கி முறுக்கிக் கட்டி வச்சிருக்கக் கூடாது. கூர்மையா மடக்குனா உள்ள இருக்கிற நூல் முறியும், வெளிய எதுவும் தெரியாது. ரெண்டு பெல்ட் ஜோடியா ஓடுற வண்டின்னா ரெண்டையும் சேத்தே மாத்துங்க, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா லோடு முழுக்க புதுசு மேல விழும்.

கழட்டுறது

இன்ஜின் நல்லா ஆறணும். சாவியை எடுத்து பாக்கெட்ல போட்டுக்கோங்க. பேட்டரி நெகட்டிவ் டெர்மினலை 10 ஸ்பேனர் போட்டுக் கழட்டுங்க, இதை நிறைய பேர் விட்டுர்றாங்க, டைனமோ பின்னாடி இருக்கிற தடி ஒயர்ல சாவி ஆஃப்ல இருந்தாலும் எப்பவும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் அதுலயும் பாடிலயும் ஒண்ணா பட்டுச்சுன்னா நெருப்பு பறக்கும்.

எதையும் லூஸ் பண்றதுக்கு முன்னாடி மொபைல்ல ரெண்டு மூணு கோணத்துல போட்டோ எடுங்க, எந்த பெல்ட் எந்த காடில (புல்லில இருக்கிற பள்ளத்துல) ஓடுதுன்னு தெரியணும். ரேடியேட்டர் பக்கம் இருக்கிற பெல்ட் தான் மொதல்ல வெளிய வரும், அதனால நமக்கு வேண்டியது பின்னாடி பெல்ட்டா இருந்தாலும் முன்னாடி பெல்ட்டைக் கழட்டித் தான் ஆகணும்.

டைனமோவுக்கு ஒரு பக்கம் நீளமான போல்ட் இருக்கும், அது மேல தான் டைனமோ ஆடும். இன்னொரு பக்கம் வளைஞ்ச பட்டை, அதுல நீள ஓட்டை, அதுல ஒரு அட்ஜஸ்ட் போல்ட். நீள போல்ட்டை ஒரு சுத்து லூஸ் பண்ணுங்க, முழுசா கழட்ட வேண்டாம், அப்புறம் அட்ஜஸ்ட் போல்ட்டை லூஸ் பண்ணி டைனமோவை இன்ஜின் பக்கமா தள்ளுங்க. பெரும்பாலும் 13, 17 ஸ்பேனர்ல வேலை முடிஞ்சிரும். துரு பிடிச்சிருந்தா முந்துன நாள் ராத்திரியே எண்ணெய் அடிச்சு வச்சிருங்க, தலை உருண்டு போன போல்ட்டை அந்த சந்துல எடுக்கிறது பெரும்பாடு. டைனமோவைத் தள்ளும்போது வேக்குவம் பம்புக்கு வர்ற ஆயில் பைப்பும் ஹோஸும் இழுபடாம பாத்துக்கோங்க.

பெல்ட் லூஸானதும் ஃபேன் றெக்கை ஒவ்வொண்ணுக்கும் மேல ஏத்தி ஏத்தி முன்பக்கமா எடுக்கணும். திருப்புளி வச்சு நெம்பி எடுக்காதீங்க, புல்லி விளிம்பு நசுங்கும், அந்த நசுங்கல் தான் புது பெல்ட்டை அறுக்கும்.

பெல்ட் இல்லாத நேரம் தான் முக்கியமான நேரம்

இந்த இடத்துல அவசரப்படாதீங்க. அரை மணி நேரம் ஒதுக்குங்க.

மொதல்ல கழட்டுன பெல்ட்டையே பாருங்க, நோய் என்னன்னு அதுவே சொல்லும். ரெண்டு பக்கமும் பளபளன்னு இருந்தா லூஸா ஓடி வழுக்கியிருக்கு. ஒரு பக்கம் மட்டும் நூல் பிரிஞ்சு தேஞ்சிருந்தா புல்லி கோணல். அடிப்பக்கம் பளபளப்பா இருந்தா புல்லி காடி தேஞ்சு பெல்ட் அடியில போய் உக்காருது. தொட்டா பிசுபிசுன்னு வீங்குன மாதிரி இருந்தா எங்கயோ ஆயில் லீக், அதை அடைக்காம புது பெல்ட் போட்டா காசு வேஸ்ட்.

அப்புறம் ஃபேன் றெக்கையை ரெண்டு கையாலயும் எதிரெதிரா பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. வாட்டர் பம்ப் பேரிங்ல ஆட்டம் இருந்தா கையில 'டொக்'னு தெரியும். (இதை வாட்டர் பாடின்னும் சொல்வாங்க.) பம்ப்புக்கு அடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், விரலை விட்டுத் தடவுங்க, ஈரமா இருந்தாலோ கூலன்ட் காஞ்சு உப்புப் படிஞ்ச மாதிரி இருந்தாலோ உள்ள சீல் போயிருச்சு, அந்த பம்ப்பை இப்பவே மாத்திருங்க. அந்த ஓட்டையை எம்சீல் வச்சு அடைக்காதீங்க, சீல் போனா தண்ணி பேரிங்குக்குள்ள போகாம வெளிய வர்றதுக்குத் தான் அந்த ஓட்டையே.

டைனமோ புல்லியை சுத்தி விட்டு காதைக் கிட்ட வைங்க. நல்ல பேரிங் மெதுவா 'ஸ்ஸ்'னு சுத்தும். மணல் அரைக்கிற மாதிரி கையில தெரிஞ்சா அது முடிஞ்சுது. பின்னாடி வேக்குவம் பம்ப் இருக்கிறதால கொஞ்சம் கனமா சுத்துறது சகஜம், அதைப் பாத்து பயப்பட வேண்டாம், சொரசொரப்பு தான் தப்பு.

கிராங்க் புல்லி (இன்ஜினோட நேரா சுத்தி பெல்ட்டை ஓட்டுற புல்லி) ரப்பர் வச்ச டைப்பா இருந்தா நடு வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல ரப்பர் வெடிச்சிருக்கா, பிதுங்கியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சந்தேகமா இருந்தா ரெண்டு வளையத்தையும் சேத்து பெயின்ட்ல ஒரு கோடு போட்டு விடுங்க, நாலு நாள் கழிச்சு கோடு விலகியிருந்தா புல்லி மாத்தணும்.

காடிக்குள்ள விரலை விட்டுத் தடவுங்க. வி பெல்ட் பக்கவாட்டால தான் பிடிக்கும், அடியால இல்ல. புது பெல்ட்டை சும்மா காடில உக்கார வச்சுப் பாருங்க, பெல்ட்டோட முதுகு புல்லி விளிம்புக்கு சமமாவோ லேசா மேலயோ இருக்கணும். உள்ள அமுங்கிப் போச்சுன்னா புல்லியை மாத்துங்க, பெல்ட்டை எவ்வளவு டைட் வச்சாலும் வழுக்கும்.

இப்ப நேர்கோடு. நீளமான இரும்பு ஸ்கேல் இல்லைன்னா இறுக்கிப் பிடிச்ச நூல் போதும். கிராங்க் புல்லி முகத்துல வச்சு வாட்டர் பம்ப், டைனமோ வரைக்கும் இழுங்க, காடிங்க எல்லாம் ஒரே கோட்டுல வரணும். என் வண்டில டைனமோ மட்டும் ஏறக்குறைய 3 மில்லி பின்னாடி இருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா நீள போல்ட்டுல, டைனமோ காது (போல்ட் நுழையுற இடம்) ஓரத்துல புதுசா இரும்பு தேஞ்ச பளபளப்பு, ஒரு வட்டமா, வாசர் உக்காந்திருந்த அடையாளம், ஆனா வாசரைக் காணோம். அதுக்கு முந்துன தீபாவளிக்கு முன்னாடி ஒரு கடைல டைனமோ கழட்டி கார்பன் மாத்துனேன், திரும்ப மாட்டும்போது அந்த வாசரைப் போடாம விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் தான் மூணு பெல்ட் போச்சு, மூணுமே ஒரே பக்கம் தேஞ்சு. மூணு மில்லி இரும்புத் துண்டு. லேத் பட்டறையில அதே கனத்துக்கு ஒரு வாசர் வெட்டி வாங்கிப் போட்டேன், இன்னிக்கு வரைக்கும் அதே நாலாவது பெல்ட் தான் ஓடுது.

வாசர் இருந்தும் கோணலா இருந்தா டைனமோ காது ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போயிருக்கான்னு பாருங்க. பழைய வண்டில இது சாதாரணம், பெல்ட் டைட் பண்ணதும் டைனமோ சாயும். ஓட்டையைப் பெருசு பண்ணி புஷ் அடிச்சா சரியாயிரும்.

பேரிங் மாத்துறது

பவர் ஸ்டியரிங், ஏசி பெல்ட்ல சும்மா சுத்துற ஐட்லர் புல்லி இருக்கும். புல்லி நல்லா இருந்து பேரிங் மட்டும் போயிருந்தா பேரிங்கை மட்டும் மாத்தலாம், சீல் மேல அல்லது வளையத்துல நம்பர் இருக்கும். ஐட்லர்ல அடிக்கடி பாக்குறது 6203, உள் ஓட்டை 17 மில்லி, வெளி 40, கனம் 12. பேரிங் கடைல வண்டி பேர் சொல்லத் தேவையில்ல, "அண்ணே 6203, டூ ஆர்எஸ்"னு சொன்னா எடுத்துக் குடுத்துருவாங்க. டூ ஆர்எஸ்னா ரெண்டு பக்கமும் ரப்பர் சீல், இசட் இசட்னா தகடு. பானெட்டுக்குள்ள புழுதி, மழைத் தண்ணி எல்லாம் வரும், அதனால ரப்பர் சீல் தான் வாங்கணும்.

பேரிங்கைப் பிடிச்சிருக்கிற வளைய லாக் இருந்தா மொதல்ல அதை எடுங்க. அப்புறம் சுத்தியலால அடிக்கிறதை விட லேத் பட்டறையில பிரஸ்ல வச்சு எடுத்துட்டு வர்றது நல்லது. நீங்களே பண்றதா இருந்தா புது பேரிங்கை புல்லிக்குள்ள ஏத்தும்போது வெளி வளையத்தை மட்டும் தான் அழுத்தணும், பழைய பேரிங்கையே மேல வச்சு நேரா இறக்கலாம். உள் வளையத்துல அடிச்சா அந்த அடி முழுக்க உருண்டைங்க வழியா போகும், பேரிங் புதுசா இருக்கும்போதே குழி விழுந்துரும், ஒரு மாசத்துல திரும்ப உர்ர்னு கத்தும். புல்லிக்குள்ள பேரிங் லூஸா போய் விழுந்தா புல்லியோட சேத்தே மாத்துங்க, பசை போட்டு ஒட்டி ஓட்டாதீங்க. ஐட்லர் போல்ட் சில வண்டில இடது மரை (எதிர்த் திசையில கழலும்), கழட்ட வரலைன்னா பலம் போடுறதுக்கு முன்னாடி திசையை சரி பாருங்க.

மாட்டுறதும் டைட் பண்றதும்

காடிங்களை வயர் பிரஷ்ல தேச்சு காஞ்ச துணியால துடைங்க, எண்ணெய் பட்ட கையோட புது பெல்ட்டைத் தொடாதீங்க. பின்னாடி பெல்ட் முதல்ல, முன்னாடி பெல்ட் கடைசில. டைனமோ முழுசா இன்ஜின் பக்கம் தள்ளியிருந்தா பெல்ட் கையாலயே ஏறணும். ஏறலைன்னா சைஸ் தப்பு, நெம்பி ஏத்தாதீங்க.

டைட் பண்ண லிவரை டைனமோவோட முன்பக்க பாடியில தடிமனான இடத்துல வைங்க, பின்னாடி வேக்குவம் பம்ப் மேலயோ நடுவுல இருக்கிற தகடு மேலயோ வச்சு நெம்புனா உடையும். லிவரை ஒரு கையால பிடிச்சுட்டே அட்ஜஸ்ட் போல்ட்டை இறுக்கணும், அப்புறம் நீள போல்ட்டை. சில வண்டில இழுக்கிறதுக்குன்னே தனி போல்ட் இருக்கும், அது இருந்தா வேலை சுகம்.

எவ்வளவு டைட்? ரெண்டு புல்லிக்கு நடுவுல நீளமான இடத்துல கட்டை விரலால சுமார் 10 கிலோ பலத்துல அழுத்துங்க, 10 லேந்து 12 மில்லி உள்ள போகணும். வீட்ல எடை போடுற மெஷின் இருந்தா ஒரு தடவை அது மேல கட்டை விரலால 10 கிலோ வரைக்கும் அழுத்திப் பாத்துட்டு வாங்க, கைக்கு அளவு புரிஞ்சிரும். கத்துதேன்னு பயந்து வீணைக் கம்பி மாதிரி இழுத்து வச்சா டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் தான் சாகும், நிறைய பேர் பண்ற தப்பு இது.

டார்க் ரெஞ்ச் இருந்தா, தலையில 8.8ன்னு போட்ட 8 மில்லி போல்ட்டுக்கு (13 ஸ்பேனர் பிடிக்கிறது) சுமாரா 25 நியூட்டன் மீட்டர், 10 மில்லி போல்ட்டுக்கு (17 ஸ்பேனர்) 45 லேந்து 50. அலுமினியத்துல மரைன்னா இன்னும் குறைச்சே வைங்க. உங்க வண்டி மேனுவல்ல வேற அளவு இருந்தா அது தான் கணக்கு.

ரிப் பெல்ட்டும் ஸ்பிரிங் டென்ஷனரும் இருக்கிற வண்டின்னா நெம்புற வேலை இல்ல, டென்ஷனரை நீள கைப்பிடி போட்ட ஸ்பேனரால திருப்பிப் பிடிச்சுட்டு பெல்ட்டை மாட்டுனா போதும். ஒவ்வொரு புல்லிலயும் எல்லா வரியும் சரியா உக்காந்திருக்கான்னு விரலால தடவிப் பாருங்க, ஒரு வரி தள்ளி உக்காந்தா அன்னிக்கே பெல்ட் கிழியும். இன்ஜின் ஐட்லிங்ல ஓடும்போது டென்ஷனர் கை நடுங்கிட்டே இருந்தா டென்ஷனர் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், பெல்ட்டோட சேத்து அதையும் மாத்துங்க. அப்புறம் இந்தக் காலத்து ரிப் பெல்ட் பலது வெடிப்பே விடாம டயர் மாதிரி தேயும், வெடிப்பு இல்லைங்கிறதுக்காக நல்லா இருக்குன்னு நினைச்சுராதீங்க.

ஸ்டார்ட் பண்ணதும்

பானெட்டுக்குள்ள ஸ்பேனர், துணி எதுவும் மறந்து வைக்கலையான்னு பாத்துட்டு பேட்டரி டெர்மினலை மாட்டுங்க. உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க, மொதல்ல பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிச்சு பெடல் இறுகுற வரைக்கும் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவத்தைத் தீத்துருங்க. இறுகுன பெடலை மிதிச்ச மாதிரியே வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் காலுக்கடியில கொஞ்சம் தானா இறங்கணும். இறங்குச்சுன்னா வேக்குவம் வருது. இறங்கலைன்னா வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க, வேக்குவம் ஹோஸ், பம்ப் ரெண்டையும் பாருங்க.

அடுத்து மல்டிமீட்டரை பேட்டரில வைங்க, கொஞ்சம் ரேஸ் பண்ணி 13.8 லேந்து 14.4 வோல்ட் வந்தா சார்ஜ் சரியா ஏறுது. ஹெட்லைட் போட்டுப் பாருங்க, கத்தக் கூடாது.

கால் மணி நேரம் ஓட விட்டு, ஆஃப் பண்ணி, ஆற விட்டு திரும்ப கட்டை விரல் வச்சுப் பாருங்க, புது வி பெல்ட் கொஞ்சம் இளகியிருக்கும், ஒரு தடவை இழுத்து விடுங்க. அப்புறம் 200, 300 கிலோமீட்டர் ஓடுனதும் இன்னொரு தடவை. இந்த ரெண்டாவது தடவையை யாரும் பண்றதில்ல, பட்டறைல மாத்துனாலும் திரும்பக் கொண்டு போய்க் காட்டுறதில்ல, புது பெல்ட் சீக்கிரம் போச்சுங்கிற புகார் பலது இதனால தான்.

நான் இப்ப சீட்டுக்கடியில ஒரு புது பெல்ட், 13, 17 ஸ்பேனர், ஒரு லிவர், ஒரு டார்ச் வச்சிருக்கேன். பெல்ட்டை பழைய துணில சுத்தி பெரிய வட்டமா, மடிப்பு விழாம. பானெட் உள்பக்கம் மார்க்கர்ல மாத்துன தேதி, கிலோமீட்டர், பெல்ட் நம்பர் மூணும் எழுதி வச்சிருக்கேன், அதுக்குக் கீழ 'டைனமோ வாசர் 3 மில்லி'ன்னும் எழுதியிருக்கேன், அடுத்து யாரு கழட்டுனாலும் கண்ணுல படணும்.